செஞ்சியில் பன்னிரண்டு ஊசல்கள்

காலை 5.40-க்கு கிளாம்பாக்கத்தில் வண்டி கிளம்பியது. திருவண்ணாமலை போகிற அரசுப் பேருந்து. செஞ்சி வரை சீட்டு நூற்று இருபது ரூபாய். தொலைவு ஏறக்குறைய நூற்று இருபத்தைந்து கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவாக வாங்கிக்கொண்டு ஒரு மனிதனை உட்காரவைத்து இறக்கிவிடும் ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இருந்தாலும் சன்னல் மூடவில்லை என்பதை நடத்துநரிடம் தெரிவித்தேன். மழை வந்தால் சொல்லுங்கள், வேறு இடம் பார்க்கலாம் என்றார். மழை வரவில்லை. நிர்வாகத்தில் பாதிப் புகார்கள் இப்படித்தான் தீர்கின்றன.

பள்ளிக் கல்வி அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாத நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிறு அறக்கட்டளை நடத்துகிறோம். ஆய்வகம் இல்லாத அரசுப் பள்ளிகளுக்கு வி.ஆர். கண்ணாடிகளை இரவல் கொடுப்பது அதன் வேலை. கண்ணாடி என்று பெயரே தவிர, அது கண்ணை முழுதாக மூடிக்கொள்ளும் ஒரு பெட்டி. மாட்டிக்கொண்டால் எதிரே ஓர் ஆய்வகம் விரியும். இரு கைகளிலும் பிடித்திருக்கிற கைப்பிடிகள் அங்கே கைகளாக மாறும். நூலைக் கட்டலாம், குண்டைத் தொங்கவிடலாம், அமிலத்தை ஊற்றலாம். கொட்டிவிட்டால் துடைக்க வேண்டியதில்லை. எங்களிடம் இருப்பவை பன்னிரண்டே கண்ணாடிகள். கேட்கிற பள்ளிகள் அதிகம். எனவே விதிகள் தேவைப்பட்டன. விதிகள் என்றால் என்னைத்தானே கூப்பிடுவார்கள்?

பதினான்கு விதிகளும் பதினொரு கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் எழுதிக்கொடுத்தேன். அதில் ஒன்பதாவது கேள்விதான் உயிர்நாடி: மாணவர்கள் கண்ணாடிக்குள் எடுத்த அளவுகளும் ரெக்கார்டு நோட்டில் எழுதிய அளவுகளும் ஒத்துப்போகின்றனவா? நான்கில் மூன்று பங்கு மாணவர்களுக்காவது ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடிகள் ஒரு வாரத்துக்குள் காத்திருப்போர் பட்டியலில் உள்ள அடுத்த பள்ளிக்குப் போய்விடும்.

செஞ்சியில் நான் பார்க்கப் போனது ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. பழைய ஆய்வகக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். புதியதற்குத் தூண்கள் மட்டும் எழுந்து, கம்பிகளை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படிக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர். கண்ணாடிகள் அங்கே தங்கினால் அவர்கள் செய்முறை பழகலாம். போய்விட்டால், பொதுத் தேர்வு அறையில்தான் ஒரு கருவியை முதன்முதலாகத் தொட்டுப் பார்ப்பார்கள்.

7.45, திண்டிவனம். பத்து நிமிடம் நின்றது. தேநீர் பன்னிரண்டு ரூபாய், சூடு போதுமானது. அங்கிருந்து மேற்கே இருபத்தெட்டு கிலோமீட்டர். கடைசி எட்டுக் கிலோமீட்டரில் பாறைகள் தொடங்கிவிடும். யாரோ வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, பிறகு அடுக்க ஆள் வராததுபோல் இருக்கும்.

8.50, செஞ்சி. இறங்கக்கூட இடமில்லை. முந்தின நாள் ஆவணி அமாவாசை. மேல்மலையனூரில் அங்காளம்மன் ஊஞ்சல் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நிலையம் முழுக்க உட்கார்ந்தும் சாய்ந்தும் தூங்கியும் இருந்தார்கள். நெற்றி நிறையக் குங்குமம், கையில் எலுமிச்சம்பழப் பை. சிறப்புப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இன்னும் மனிதர்களைக் கொட்டின. தூணோரம் பொங்கலும் வடையும் சாப்பிட்டேன், ஐம்பத்தைந்து ரூபாய். ஆட்டோக்காரர் பள்ளிக்கு அறுபது கேட்டார். ஒரு கிலோமீட்டர்கூட இருக்காதே என்றேன். "அமாவாசைக்கு மறுநாளு சார், ரோடு இன்னா கூட்டம் பாருங்க. நடந்தா நீங்க மத்தியானம் தான் போவீங்க" என்றார். கொடுத்தேன். நியாயமாகத்தான் இருந்தது.

9.30. இயற்பியல் ஆசிரியை செல்வராணி வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்த விதத்திலேயே அன்று வேலை இருக்கிறது என்று தெரிந்தது. என்னை ஒரு பழைய வகுப்பறைக்குக் கூட்டிப்போனார்.

என் மூன்றாவது விதி, ஒவ்வொரு மாணவரும் நிற்கும் இடத்தை மஞ்சள் நாடாவால் குறிக்க வேண்டும் என்கிறது. ஒருவர் கை மற்றவர்மேல் படாமல் இருக்க. நாடா கிடைக்கவில்லை. பன்னிரண்டு இடங்களில் கோலம் போட்டிருந்தார்கள். ஐந்து புள்ளிக் கோலம், ஒவ்வொன்றும் வேறு. கண்ணை மூடிக்கொண்டு நிற்பவளுக்குக் கோலத்தின் எல்லை எப்படித் தெரியும் என்று கேட்டேன். மாவு கொஞ்சம் கொரகொரப்பானது, செருப்பில்லாத காலுக்குத் தெரிந்துவிடும் என்றார் ஆசிரியை. நாடா தெரியாது. அந்த விதியை எழுதும்போது நான் செருப்பு போட்டிருந்தேன்.

கரும்பலகையின் மரச் சட்டத்தில் சாந்து நிறத்திலும் கருப்பிலும் சிவப்பிலும் ஒட்டுப்பொட்டுகள் வரிசையாக இருந்தன. பெட்டியை மாட்டுவதற்குமுன் எல்லோரும் பொட்டை எடுத்துச் சட்டத்தில் ஒட்டிவிட வேண்டுமாம். முதல் வாரத்தில் ஏழு பொட்டுகள் கண்ணாடிக்குள் போய்விட்டன. ஒருத்தி காந்தப் புலத்தைப் பார்க்கப் போனபோது அந்தரத்தில் யாருடைய பொட்டோ மிதந்ததாம். இதை என் பதினான்கு விதிகளில் எதுவும் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை.

அன்றைய பரிசோதனை தனி ஊசல். ஒரு மீட்டர் நூலில் குண்டைத் தொங்கவிட்டு, இருபது முறை ஆட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். பதினொரு ரெக்கார்டு நோட்டுகளை என்முன் அடுக்கினார்கள். அட்டை போட்டு, சிவப்பு மையில் ஓரக் கோடு கிழித்து, படம் வரைந்து, நோக்கம், கருவிகள், வாய்பாடு, அட்டவணை எல்லாம் எழுதியிருந்தது. இருபது அலைவுக்கு நாற்பது வினாடி. முடிவு 9.8. தேதி அன்றைய தேதி. பரிசோதனை இன்னும் தொடங்கவில்லை.

எனக்கு அதில் எதுவும் தவறாகப் படவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நான் படித்த காலத்திலும் அப்படித்தான். ரெக்கார்டு முதலில், ஊசல் பிறகு, நேரமிருந்தால். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தேன்.

10.30. பதினொரு பெண்களும் பொட்டை எடுத்துவிட்டுக் கோலத்துக்குள் போய் நின்றார்கள். பன்னிரண்டாவது கோலம் காலியாக இருந்தது. அது கோமதியுடையது என்றார் செல்வராணி. மேல்மலையனூர்க்காரி. அவள் நைனா கோயில் வாசலில் எலுமிச்சம்பழமும் விளக்கும் விற்கிறார். அமாவாசை என்றால் குடும்பமே கடையில்தான். வருவாள், ஆனால் பஸ் கிடைக்க வேண்டும்.

10.45-க்கு வந்தாள். படியில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது தலைமுடியில் தெரிந்தது. ரெக்கார்டு நோட்டைப் பிரித்தேன். அன்றைய பக்கத்தில் தலைப்புகூட இல்லை. காலையில் வந்து வகுப்புத் தோழி மோனிஷாவைப் பார்த்து எழுதிக்கொள்ள நினைத்தாளாம், நேரமில்லை. சரி, செய்துவிட்டு எழுது என்றார் ஆசிரியை, மாணவிக்குச் சலுகை காட்டுகிற குரலில். அவளும் பொட்டைச் சட்டத்தில் ஒட்டிவிட்டுத் தன் கோலத்துக்குள் போனாள்.

இந்தக் காட்சியை இதுவரை பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பன்னிரண்டு பெண்கள் முகத்தில் பெட்டியோடு நிற்கிறார்கள். வெறும் காற்றில் குனிகிறார்கள், இல்லாத நூலை முடிச்சுப் போடுகிறார்கள், இல்லாத குண்டை இழுத்து மெல்ல விடுகிறார்கள். ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். வெளியே கோட்டைப் பக்கமிருந்து ஒரு லாரி ஒலியெழுப்பிப் போனது, ஒருவர்கூடத் திரும்பவில்லை. இதற்கெல்லாம் பணம் திரட்டியபோது இது விளையாட்டுப் பொருள் என்று குழுவில் சொன்னவன் நான்தான். அன்று அந்தக் கைகளைப் பார்த்தபிறகு அப்படிச் சொல்லமாட்டேன்.

பதினொரு பேர் கழற்றிவிட்டார்கள். கோமதி மட்டும் நின்றாள். மறுபடி ஆட்டினாள். மறுபடியும். பிறகு வந்து உட்கார்ந்து எழுதி, நோட்டை ஆசிரியையிடம் நீட்டினாள். இருபது அலைவுக்குத் தொண்ணூற்றொன்பது வினாடி. முடிவு 1.61.

எண்ணியதில் தவறியிருப்பாய், மறுபடி பார் என்றார் செல்வராணி.

"மூணு வாட்டி எண்ணிட்டேன் மிஸ். அதே தான் வருது."

"ராத்திரி முழுக்கத் தூங்கல மிஸ் அவ" என்றாள் மோனிஷா. "குண்டு ஆடறப்போ இவளும் ஆடியிருப்பா."

கோமதி திரும்பினாள். "நீ இன்னா பாத்துட்டா எழுதுன? நேத்தே எழுதி, இன்னிக்கு அட்டையும் போட்டு எடுத்தாந்துட்ட."

ஆசிரியை என்னைப் பார்க்கவில்லை. நான் பேனாவை மூடினேன். மற்றப் பெண்களிடம், கண்ணாடிக்குள் உங்களுக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டேன். மோனிஷாதான் கடைசியில், எனக்கும் தொண்ணூற்றெட்டுதான் சார் வந்தது, மிஷின் சரியில்லை என்று நினைத்து நாற்பதை அப்படியே விட்டுவிட்டேன் என்றாள்.

கோமதி எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன். "மாசா மாசம் அம்மன் ஊஞ்சல பாக்குறேன் சார். அது எத்தினி நீளக் கயிறு! அதுவே இவ்ளோ மெதுவா ஆடாது. ஒரு மீட்டர் நூலு இப்டி ஆடுதுன்னா அது நம்ம ஊரா இருக்காது சார்."

அதைச் சோதித்துப் பார்ப்பதும் அவள் யோசனைதான். வகுப்பறைக் கதவின் பூட்டைக் கழற்றினார்கள். பார்சல் கட்டியிருந்த சணலில் ஒரு மீட்டர் அளந்து, தோரணம் கட்ட நிலையில் அடித்திருந்த ஆணியில் பூட்டைத் தொங்கவிட்டார்கள். மோனிஷா கைப்பேசியில் நேரம் பார்க்க, மற்றவர்கள் சத்தமாக எண்ணினார்கள். இருபதுக்கு நாற்பது வினாடியும் சொச்சமும். பூட்டு நம் ஊரில்தான் இருந்தது.

அடுத்து, கண்ணாடிகளை இயக்கும் டேப்லெட்டைத் திறந்தோம். அமைப்புகள் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு ஆங்கில எழுத்தில், இடம் என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேரே நிலா என்றிருந்தது. கண்ணாடிக்குள் தெரிகிற ஆய்வகம் நான்கு சுவருள்ள சாதாரண அறை. சன்னல் இல்லை. பெண்கள் நிலாவில் நின்றுகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை, ஊசலைத் தவிர.

இதை ஏன் முதலிலேயே பார்க்கவில்லை என்று ஆசிரியையிடம் கேட்டேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த விதிகளைக் காட்டினார். விதி ஏழு: அமைப்புகள் பக்கத்தை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. நான் எழுதியது.

அந்தப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. இடத்தை எப்போது மாற்றினார்கள் என்ற தேதி. கண்ணாடிகள் செஞ்சிக்கு வருவதற்கு முன்பே, வேறொரு ஊர்ப் பள்ளியில் இருந்தபோதே மாறியிருக்கிறது. யாரோ விளையாட்டாக நிலாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்துபோயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அங்கேயும் தனி ஊசல் செய்திருக்கிறார்கள். டேப்லெட்டில் பதிவாகியிருந்த எல்லா அளவும் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. அந்தப் பள்ளிக்கு ஆய்வுக்குப் போனவனும் நானே. அங்கே ரெக்கார்டு நோட்டுகள் அத்தனையிலும் 9.8 இருந்தது. டேப்லெட்டைத் திறந்து பார்க்கவில்லை. ஒத்துப்போகிறதா என்று ஆசிரியரைக் கேட்டேன், ஆம் என்றார், ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உணவும் நன்றாக இருந்தது.

இப்போது என் முன்னால் ஒன்பதாவது கேள்வி. பன்னிரண்டில் ஒன்று ஒத்துப்போகிறது. என் விதிப்படி கண்ணாடிகள் அடுத்த வாரம் இங்கிருந்து போக வேண்டும். ஒரு சின்ன வழி இருந்தது, அது எனக்கு நன்றாகத் தெரியும். கருவிக் கோளாறு என்று எழுதிவிட்டால் கேள்வி ஒன்பது பொருந்தாது. அலுவலகத்தில் இப்படிப்பட்ட வாக்கியங்களால் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறேன். அதைச் செல்வராணியிடம் மெல்லிய குரலில் சொன்னேன்.

அவர் அந்தப் பூட்டை ஆணியிலிருந்து அவிழ்த்து எடுத்தார். பிறகு பெண்களுக்கும் கேட்கிற மாதிரியே பேசினார்.

"கருவி சரியாத்தான் சார் இருக்குது. இல்லைன்னே எழுதுங்க. முன்னாடியே எழுதிட்டு வரச் சொன்னது நான். எங்களுக்கும் அப்டித்தான் சொல்லிக் குடுத்தாங்க, நானும் அப்டியே சொல்லிட்டேன்."

இல்லை என்றே எழுதினேன். எழுதியபிறகு, என் கை தானாகவே படிவத்தைத் திருப்பியது. பின்பக்கத்தில், யாரும் படிக்காத இடத்தில், நானே எழுதிவைத்த ஒரு துணை விதி இருக்கிறது: ஆய்வுக்கு வந்தவர் விரும்பினால் அதே நாளில் இரண்டாவது அமர்வு நடத்திப் பார்க்கலாம், இரண்டின் முடிவையும் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் நிறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்த்தது. இதுவரை பயன்பட்டதில்லை. அதைப் படித்துக் காட்டினேன். செல்வராணி என் கையிலிருந்து படிவத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்துப் பார்த்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

1.15, மதிய உணவு முடிந்து இரண்டாவது அமர்வு. இம்முறை இடத்தைக் கோமதி தேர்ந்தெடுப்பாள், யாருக்கும் சொல்லமாட்டாள். மற்ற பதினொரு பேரும் ஊசலை ஆட்டி, தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டுகளை வெளியே செருப்புப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்றாள் கோமதி. படிப்பு காலில் படும் என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். சன்னல் மேடை முடிவாயிற்று.

அறுபத்தைந்து வினாடி, அறுபத்தாறு, அறுபத்து நான்கு, அறுபத்தைந்து. இந்தமுறை ஒருத்தியும் மற்றவள் தாளை எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் எதை நம்புவது என்று தெரியாதே. கணக்குப் போட்டு, பாடப் புத்தக அட்டவணையோடு ஒப்பிட்டார்கள். ஆறு பேர் செவ்வாய் என்றார்கள். ஐந்து பேர் புதன் என்றார்கள். இரண்டு கட்சியும் மோதிக்கொண்டது.

"செவ்வான்னு எழுதாதீங்கடி, அப்புறம் கல்யாணத்துக்கு தோசம் சொல்லுவாங்க" என்றாள் மோனிஷா. அவள் புதன் கட்சி.

அட்டவணையில் இரண்டுக்குமே 3.7 என்றுதான் இருந்தது. இரண்டு கிரகங்களிலும் ஈர்ப்பு ஏறக்குறைய ஒன்றே. ஊசலை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. செல்வராணி இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம், அன்று முழுவதும் நான் பார்க்காதது. கோமதி தேர்ந்தெடுத்திருந்தது புதன். ஆனால் கேள்வி ஒன்பது கிரகத்தைக் கேட்கவில்லை, அளவைத்தான் கேட்கிறது. டேப்லெட்டைத் திறந்து, ஒவ்வொரு பெயராக நானே ஒத்துப்பார்த்தேன். பதினொன்றும் ஒத்துப்போயின. கோமதி தனக்கும் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்து, மோனிஷா இடத்தைத் தேர்ந்தெடுக்க, வியாழனில் நின்று செய்தாள். இருபத்தைந்து வினாடியில் முடிந்துவிட்டது. பெட்டியைக் கழற்றியபோது கண் தூக்கத்தில் சிவந்திருந்தது. எல்லோரும் சட்டத்திலிருந்து அவரவர் பொட்டை எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். என் படிவத்துக்கு இணைப்பாகக் கோமதியின் முதல் தாளை, அந்த 1.61-ஐ, நகல் எடுத்துக்கொண்டேன். கையெழுத்து சுமார்தான்.

3.10, கோட்டை வாசல். நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். நுழைவுச் சீட்டு இருபத்தைந்து ரூபாய். மூன்று மணிக்குமேல் ராஜகிரி மலை ஏற விடுவதில்லை என்றார் காவலர். பத்து நிமிடம்தானே என்று கேட்க வாய் வரை வந்தது. விதி விதிதான், அதுவும் என் முழங்காலுக்கு மிகச் சாதகமான விதி. அவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கல்யாண மகாலின் நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு குரங்கு என் பையைப் பரிசோதித்துத் திருப்பிக் கொடுத்தது. தெற்கே மண்டகப்பட்டுக் குகைக் கோயிலையும் பார்க்கும் எண்ணம் இருந்தது, நேரமில்லை. குறையாகவும் தோன்றவில்லை.

5.15 வண்டி. அமாவாசைக் கூட்டம் வடிந்திருந்தது, இடம் கிடைத்தது. திண்டிவனம் வருவதற்குள் இரண்டு படிவங்களை எழுதினேன். ஒன்று செஞ்சிக்கு: முதல் அமர்வு, இல்லை, இரண்டாம் அமர்வு, ஆம், கண்ணாடிகள் இங்கேயே இருக்கலாம் என்பது என் பரிந்துரை. இன்னொன்று அந்த முந்தைய பள்ளிக்கு: ஒன்பதாவது கேள்விக்கு நான் அளித்த பதில் சரிபார்க்காமல் அளித்தது, திரும்பப் பெறுகிறேன். என் வாழ்நாளில் நான் கையெழுத்திட்ட எதையும் திரும்பப் பெற்றதில்லை. எழுதி முடித்ததும் நல்ல பசி எடுத்தது. வீட்டுப் பரணில் என் பி.எஸ்சி. ரெக்கார்டு இருக்கிறது. அதிலும் 9.8. நான் அந்த ஊசலைத் தொட்டதாக நினைவில்லை. பேராசிரியர் ‘மிக நன்று’ என்று எழுதியிருக்கிறார்.

குழு பத்து நாள் கழித்துக் கூடியது. இல்லை என்று எழுதப்பட்ட படிவம் அதுவரை ஒன்றுகூட வந்ததில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்கள். கொஞ்சம் திகைத்தார்கள். கோமதியின் தாள் கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. கண்ணாடிகள் செஞ்சியிலேயே, பொதுத் தேர்வு முடியும்வரை. விதி ஏழு நீக்கம். விதி மூன்றில் நாடா அல்லது கோலம். ரெக்கார்டு சன்னல் மேடையில்.

முடிவைத் தெரிவித்த அன்று மாலை செல்வராணியிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. புதிய பரிசோதனை, முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண். பன்னிரண்டு ரெக்கார்டு நோட்டுகளைத் தரையில் பரப்பி எடுத்திருந்தார். பன்னிரண்டிலும் விடை வேறு வேறு. அடித்தல், திருத்தல், ஓரிடத்தில் குங்குமக் கறை. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாறி வருகிறது சார், பரவாயில்லையா என்று கேட்டிருந்தார்.

கைப்பேசியில் தட்ட மனமில்லை. தாள் எடுத்து, உறை எடுத்து, விலாசம் எழுதி, பன்னிரண்டு பெயரையும் வரிசையாகக் குறிப்பிட்டு, அவர்களுக்கும் ஆசிரியைக்கும் நன்றி என்று ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். முப்பத்தாறு வருடப் பணியில் விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதங்கள் ஏராளம். ஒத்துப்போகாத விடைகளுக்கு நன்றி சொல்லி அனுப்பியது இது ஒன்றுதான்.